அவைக் குறிப்பில் ஓர் அடுப்படி

எங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் வாயைத் திறந்தார் என்பதே மதகுத் தெருவுக்கு ஓர் அதிசயம். ஜெயித்துப் போனவர் கோட்டையில் மேசையைத் தட்டுகிறார், டீ குடிக்கிறார், வீடு திரும்புகிறார் என்றுதான் நாங்கள் முடிவு கட்டி வைத்திருந்தோம். அப்படிப்பட்ட மனுஷன் தை மாதம் ஒரு வியாழக்கிழமை எழுந்து நின்று, ஆளுநர் உரைக்கு நன்றி சொல்லும் விவாதத்தில், திருவேற்காட்டுக் கூவக்கரை ஓரம் கிடக்கிற எங்கள் தெருவைப் பேர் சொல்லிப் பேசினார். பேசியது மட்டுமா? நன்றாகவும் பேசித் தொலைத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, மதகுத் தெருவில் மழைநீர்க் கால்வாய் வேலை ஆற்றைத் தொடாமல் பாதியிலே நிற்கிறது. அது நின்ற இடம் ஓர் உழைப்பாளியின் வீட்டு வாசல். கடந்த மழையில் அந்த வீட்டுக் கழிவறை பொங்கி, கழிவுநீர் அடுப்படிக்குள் புகுந்தது. அடுப்பு மிதந்தது. கழிவறைக்குப் போக வழியில்லையே என்று அஞ்சியே அந்த வீட்டுப் பெண்கள் மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். சோறு உண்ண அஞ்சும் நிலை எந்தத் தாய்க்கும் வரலாமா?"

எதிர்க்கட்சிக்காரர்கள்கூடச் சத்தம் போடவில்லையாம். கட்சியில் போன் வேலை பார்க்கிற தினேஷ் அந்தப் பேச்சை மட்டும் வெட்டி, அதற்குக் கீழே அழுகிற மாதிரி ஒரு புல்லாங்குழலையும் ஓட்டி, பொழுது சாய்வதற்குள் எல்லார் கைக்கும் அனுப்பிவிட்டான்.

அந்த உழைப்பாளி ஜெயராமன். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவர். பொங்கலன்று எம்.எல்.ஏ. வேன் ஸ்டாண்டுக்குக் கரும்பு கொடுக்க வந்தபோது, "இன்னா தலைவரே, ஊட்டாண்ட தண்ணி நின்னுச்சாமே?" என்று தோளில் கை போட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு எம்.எல்.ஏ. தோளில் கை போட்டால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஜெயராமன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்தவர்கள் லாட்டரி விழுந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். தாட்சாயிணி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தாட்சா, இத்த பாரு. நம்ம ஊடு கோட்டையில ஏறிடுச்சி."

அவள் பார்த்தாள். முழுசும் பார்த்தாள். கையிலிருந்த அவரைக்காய் கையிலேயே இருந்தது.

"இன்னாய்யா இது?"

"நம்மளப் பத்திதான். பேர சொல்லல, மறந்துட்டாரு போலக்கீது. ஆனா நம்ம ஊடுதான். ஸ்டாண்டுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

"கக்கூஸ் பொங்கினத கோட்டையில சொல்லிக்கீறாரு. அத்த நீ பல்ல காட்டிகினு வந்து என்கிட்ட காட்ற."

"கவர்மெண்டு காதுல உழுந்தாதான வேல நடக்கும்? மெம்பரு பேசினது அவைக் குறிப்புல ஏறிடும்டி. அங்க எழுதி வெச்சிருவாங்க. நாம செத்தாலும் அது அழியாது."

"ஞாயித்துக்கிழமை இன்னான்னு ஞாபகம் கீதா ஒனக்கு?"

ஜெயராமனின் சிரிப்பு அப்போதுதான் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்திருக்கலாம், பூ வைத்திருக்கலாம், பேச்சும் முடிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பெண் வீட்டில் உட்கார்ந்து இலையில் கை நனைக்கும்வரை ஒன்றும் நிச்சயமில்லை. அதுவரை ஒரு வாய் காபியோடு எழுந்துவிடுவார்கள். நனைத்துவிட்டால் பின்வாங்கக் கூடாது. நனைக்காமல் எழுந்துவிட்டாலோ, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஜெயராமனின் மகள் பவ்யா பூந்தமல்லியில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். பையன் ஸ்ரீகாந்த், ஆவடிக்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போன சம்பந்தம். இதற்கு முன் இரண்டு இடம் வீட்டைப் பார்த்துவிட்டுப் பதிலே சொல்லாமல் போன வயிற்றெரிச்சல் தாட்சாயிணிக்கு.

"அவங்க ஆவடியில கேக்க மாட்டாங்களா? போனு இல்லாத ஊடு எங்கய்யா கீது? சோத்துல கைய வெக்கும்போது இந்தப் பேச்சுதான ஞாபகம் வரும்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மழைக்கதையையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் அடித்த மழையில் கூவம் ஏறி வந்தது வாஸ்தவம். தெருத் தண்ணீர் மொத்தமும் அந்தப் பாதிக் கால்வாய் வழியாக வந்து ஜெயராமன் வாசலில் முட்டிக்கொண்டு நின்றதும் வாஸ்தவம். ஆனால் மூன்று நாள் பட்டினி என்று எம்.எல்.ஏ. சொன்னது அவருடைய கைச்சரக்கு. ஒரு பகலும் ஓர் இரவும் அம்மாவும் பெண்ணும் கட்டில்மேல் குந்திக்கொண்டு வாயைக் கட்டிக் கிடந்தார்கள். மறுநாள் எதிர்வீட்டு நாகம்மாள் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி வந்து, "இன்னாக்கா, நான் செத்தா பூட்டேன்? எதிர்ல ஊடு இல்ல?" என்று திட்டிக்கொண்டே இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். தண்ணீர் வடியும்வரை அந்தக் குடும்பம் சாப்பிட்டது, தூங்கியது, மற்றதெல்லாம் நாகம்மாள் வீட்டில்தான். ஜெயராமன் இதையும் எம்.எல்.ஏ.விடம் சொன்னார். எம்.எல்.ஏ. அதை மட்டும் விட்டுவிட்டார். சொல்லியிருந்தால் பேச்சில் சூடு குறைந்திருக்குமோ என்னவோ.

நாகம்மாளின் புருஷன் கொத்தனார். செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்கு கட்டுகிற வேலைக்குப் போனால் வாரத்துக்கு ஒரு தரம் வருவார். வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தை இடுப்பளவு தூக்கிவிட்டார். "மாடி கட்டாமயே மாடியில குடியிருக்கான்டா" என்று தெரு முழுக்கக் கேலி பண்ணினோம். இத்தனை மழையிலும் அந்த வீட்டு நிலைப்படிகூட நனையவில்லை. அந்த அடுப்படியில்தான் நாகம்மாள் மதியச் சாப்பாடு செய்து, ஸ்கூட்டியில் வைத்து, மெயின் ரோடு அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிற மதுரைக்காரர், கோயமுத்தூர்க்காரர் எல்லாருக்கும் அவள் 'சாப்பாடு அக்கா'. அவள் பிழைப்பே அந்தக் கைச் சுத்தத்தில் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் அவள் வீட்டில்தான் என்று முன்னமே பேசியாயிற்று. ஏனென்றால் தாட்சாயிணியின் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்து, தரையெல்லாம் பினாயில் போட்டும், மண்ணுக்குள் இருந்த ஈரம் வற்றவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் சேர்ந்தாற்போல் ஊற்றினால் கழிவறை குபுக் என்கும். விருந்துக்குப் பாத்திரம் கழுவுகிற தண்ணீரெல்லாம் அங்கே தாங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் தாட்சாயிணி புருஷனையும் இழுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனாள். அதற்கு முதல் நாள் ராத்திரி செய்தியில் ஒன்று பார்த்திருந்தாள். யாரோ ஒரு மெம்பர் தப்பாகப் பேசியதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினார்களாம். நீக்க முடியும் என்றால் நம்முடையதையும் நீக்கட்டுமே! எங்கள் ஊர்க்காரிக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

எம்.எல்.ஏ. இல்லை. உதவியாளர் கோகுல்நாத் இருந்தார். நல்ல மனுஷர், நாற்காலி போட்டார்.

"சொல்லுங்கம்மா. பேச்சு எப்படி இருந்துச்சி? ஸ்டேட் முழுக்க ஓடுது."

"அத்த எடுத்துடணும் சார்."

"எத?"

"குறிப்புலேந்து. நீக்குறாங்களாமே. எங்க ஊட்டு அடுப்படிய நீக்கிடச் சொல்லுங்க."

கோகுல்நாத் சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை.

"அது கெட்ட வார்த்தைய நீக்குவாங்கம்மா. கழிவறைய எப்படி நீக்குறது? அண்ணன் நல்லதுக்குத்தான பேசினாரு. கால்வாய் வேல சாங்ஷன் ஆவப்போவுது."

"கால்வா வரட்டும் சார். பொண்ணுக்குக் கண்ணாலம் வர வோணாமா?"

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஆனாலும் அவர் கையில் என்ன இருக்கிறது? "வீடியோவ நிறுத்தச் சொல்றேன்" என்றார். ஊர் சுற்றி முடித்துவிட்ட வீடியோவை எங்கே போய் நிறுத்துவது! ஜெயராமன் வெளியே வந்து, "நான் இன்னாடி பண்ணேன், கேட்டாரு, சொன்னேன்" என்றார். தாட்சாயிணி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் நாகம்மாள் வீட்டு அடுப்படியில் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது தாட்சாயிணியின் போன் அடித்தது. நாகம்மாள் பின்னால் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். போனில் மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மா.

"சம்பந்தி, சாப்ட்டீங்களா? ஒண்ணுமில்ல... ஒரு வீடியோ வந்துச்சி. உங்க தெரு பேரு சொல்றாரு எம்.எல்.ஏ. எங்க நாத்தனாருதான் காட்டுனாங்க. மழையில ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

கேட்ட குரலில் ஒரு குத்தலும் இல்லை. அவள் நிஜமாகவே விசாரித்தாள். அது தாட்சாயிணிக்குக் கேட்டால்தானே? அவள் காதில் 'நாத்தனாரு' மட்டும்தான் விழுந்தது.

"ஐயோ, அது எங்க ஊடு இல்ல சம்பந்தி."

"இல்லையா?"

"எதிர் ஊடு. பாவம், அவங்க ஊடுதான் பள்ளத்துல கீது. அவங்க அடுப்படியிலதான் பூந்துச்சி. எங்களுக்கு வாசலோட சரி."

வாயிலிருந்து வந்துவிட்டது. மிளகாய் நெடியில் இருமல் வந்தது, இருமினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாகம்மாள் குனிந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாட்சாயிணி போனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். மிளகாய் கருகிவிட்டது. நாகம்மாள் உள்ளே வந்து அதைக் கொட்டிவிட்டு வேறு மிளகாய் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஜெயராமன் வீட்டில் ஒரே ஊதுவத்தி மயம். தாட்சாயிணி எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள். "யாரும் கக்கூஸ்ல ரெண்டு சொம்புக்கு மேல ஊத்தக் கூடாது, சொல்லிட்டேன்." பவ்யா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "ஏம்மா, நானே அவருகிட்ட சொல்லிடட்டா? அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றாள். "வாய மூடிகினு பூவ வெச்சிக்கோ" என்று பதில் வந்தது. நாகம்மாள் வீட்டிலிருந்து மசால் வடை வாசனை தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிவாக்கில் ஆவடிக்காரர்கள் வந்தார்கள். ராஜம்மா, அவள் வீட்டுக்காரர், ஸ்ரீகாந்த், அவன் அக்கா சித்ரா, ராஜம்மாவின் நாத்தனார் சாவித்திரி, இன்னும் நான்கு உறவு ஜனம். சாவித்திரி அம்மாள் உள்ளே வந்ததும் மூக்கை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். ஊதுவத்திக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, உட்கார்ந்தாள். பேச்சு ஓடியது. ஆவடியில் ரோடு தோண்டிப் போட்ட கதை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் மாறிய கதை. சித்ரா, "நாங்க ஐப்பசியிலதான் இங்க மெயின் ரோட்டு பிளாட்டுக்குக் குடி வந்தோம் அத்த. பவ்யா எங்களுக்குக் கிட்டதான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

கூடத்தில் பந்திப்பாய் விரித்து இலை போட்டார்கள். தாட்சாயிணி தண்ணீர் தெளித்தாள். உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், வடை, சேமியாப் பாயசம் எல்லாம் இலையில் விழுந்தன. சாதம் வந்தது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நாகம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சாவித்திரி அம்மாள் அதைப் பார்த்தாள்.

சித்ராவும் பார்த்தாள். "அட, சாப்பாடு அக்கா! நீங்களா? நான் பி பிளாக்கு, உங்ககிட்டதான் தெனம் சாப்பாடு வாங்குறேன்" என்று சிரித்தாள். நாகம்மாளும் சிரித்தாள்.

"நீ இரும்மா," என்றாள் சாவித்திரி அம்மாள் சித்ராவிடம். "இது எதிர் வூட்டுலேந்தா வருது?"

கேட்டுவிட்டு அவள் ராஜம்மா பக்கம் திரும்பினாள்.

"அந்த வீடுதான, சாக்கட பூந்த அடுப்படின்னு எம்.எல்.ஏ. சொன்னது? ராஜம்மா, நீதான சொன்ன, எதிர் வீடுன்னு?"

சித்ராவின் முகம் வெளுத்துப்போயிற்று. தினமும் அந்த அடுப்படிச் சோற்றைச் சாப்பிடுகிறவள் அவள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருடைய கையும் மடியில் இருந்தது. சாதத்தில் ஆவி போய்க்கொண்டிருந்தது. நாகம்மாள் வாளியோடு நிலைப்படியிலேயே நின்றாள். அவள் தாட்சாயிணியைப் பார்த்தாள்.

அந்த ஒரு நிமிஷம் தாட்சாயிணிக்குக் கொடுக்கப்பட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பவ்யா அடுக்களை வாசலில் நின்று, 'சொல்லும்மா' என்பது போல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாட்சாயிணி வாயைத் திறந்தாள்.

"சமையல் எங்க ஊட்டுலதாங்க. வாளி பத்தல, அவகிட்ட எரவல் வாங்கினேன். அத்த எடுத்துகினு வரா, அவ்ளோதான். ஒண்டி ஆளா என்னால பரிமாற முடியாதுன்னு ஒத்தாசைக்குக் கூப்ட்டேன்."

எப்படி அப்படி ஒரு சரளம் வந்ததோ! ஜெயராமன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாகம்மாள் வாளியை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமாம்மா," என்றாள். "இவங்க ஊட்டு சமையல்தான். நான் வாளி குடுத்தேன்."

சொல்லிவிட்டு, முதல் இலையிலிருந்து சாம்பார் ஊற்றத் தொடங்கினாள். ராஜம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முதல் ஆளாகச் சோற்றில் கை வைத்துப் பிசைந்தாள். அதைப் பார்த்து எல்லாரும் பிசைந்தார்கள். கை நனைந்துவிட்டது.

சாப்பாடு பிரமாதம் என்றார்கள். சாவித்திரி அம்மாள் வத்தக்குழம்பு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள், "உங்க கைப்பக்குவம் நல்லாருக்கு" என்று தாட்சாயிணியிடமே சொன்னாள். தாட்சாயிணியால் சிரிக்க முடியவில்லை. நாகம்மாள் அந்தப் பக்கம் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு எழுந்தவர்கள் பின்கட்டில் கழிவறைக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவினார்கள். ராஜம்மா கை கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வந்தவள் தாட்சாயிணியின் கையைப் பிடித்து, "மாசியில முகூர்த்தம் பாத்துரலாம்" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. இரவல் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கி எடுத்துக்கொண்டு தாட்சாயிணி எதிர்வீட்டுப் படியேறினாள். வடையும் பாயசமும் தனியாக ஒரு தூக்கில் கொண்டுபோனாள். அந்த நேரத்துக்கு நாகம்மாள் வீட்டில் குக்கர் கத்திக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பு எரியவில்லை. மாவரைக்கிற கிரைண்டரைக்கூட நகர்த்தி வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, பிளீச்சிங் பவுடரும் சோப்புத் தண்ணீரும் போட்டு அடுப்படித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நாகு, இன்னிக்கு சமையல் இல்ல?"

"ஆர்டர் இல்லக்கா."

"ஒருத்தருமா?"

"நேத்து சாய்ந்தரத்துலேந்து ஒவ்வொருத்தரா வோணாம், வோணாம்னு போட்டுகினே கீறாங்க. சாப்பாட்டு குரூப்புல அந்த பி பிளாக்குப் பொண்ணு எழுதிக்கீது. 'யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, கிச்சன ஒருவாட்டி பாத்துட்டு வாங்கிக்கலாம்'னு. நல்ல பொண்ணுதான், மரியாதையாதான் எழுதிக்கீது." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பாக்க வருவாங்க. வந்தா சுத்தமா இருக்க வோணாமா?"

அந்தத் தரை ஏற்கெனவே பளிச்சென்று இருந்தது. என்றைக்கும் அப்படித்தான் இருக்கும். தாட்சாயிணி தூக்கைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கேவலத்தைத் தன் கையாலேயே பண்ணிவிட்டோமே என்று முதல் தடவையாக முழுசாக உறைத்தது. கழிவறை பொங்கியதில் அவமானம் ஒன்றுமே இல்லை. மழை பெய்தது, பொங்கியது, அவ்வளவுதான். இது அப்படியா?

போனை எடுத்து அங்கேயே நின்று ராஜம்மாவைக் கூப்பிட்டாள்.

"சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும். அப்பால நீங்க சம்பந்தம் வோணாம்னாலும் சரி. எம்.எல்.ஏ. சொன்னது எங்க ஊடுதான். எதிர் ஊடுன்னு நான் பொய் சொன்னேன். நேத்து நீங்க துன்னது நாகம்மா சமையலு."



"தெரியும் சம்பந்தி."

"இன்னாது?"

"கை கழுவ வந்தேன்ல. கழிவறைக் கதவு காத்துல மூடிக்கிச்சி. கதவுக்குப் பின்னாடி வெள்ளையடிக்காம விட்டிருந்தீங்க. தண்ணி நின்ன கோடு அப்படியே இருந்துச்சி, என் முட்டி ஒசரத்துக்கு. எங்க வீட்டுலயும் ஒரு மழையில வந்துருக்கு சம்பந்தி. அது ஒரு தப்பா? ஆனா சோத்துல கை வைக்கும்போதே சந்தேகம்தான். அந்தம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் பேசாம சாப்ட்டேன். அந்த நாகம்மாவுக்கு என்ன சொன்னீங்க?"

தாட்சாயிணி குனிந்து தரையைத் தேய்க்கிற நாகம்மாளைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் ராஜம்மா. "சித்ராகிட்ட நான் சொல்லிடறேன். அவ எழுதிடுவா."

"வோணாம் சம்பந்தி. நானே சொல்றேன்."

ஜெயராமன் சுவருக்கு வெள்ளையடித்தபோது கதவைத் திறந்து சுவரோடு சாத்தி வைத்துக்கொண்டு அடித்திருக்கிறார். கதவு மறைத்த இடம் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு ஊதுவத்தி, எவ்வளவு பினாயில், எவ்வளவு பொய்!

நாகம்மாளின் போன் அரிசி டப்பா மேல் கிடந்தது. "ஒன் போன குடு. அந்த குரூப்புல பேசறது எப்டின்னு காட்டு."

நாகம்மாள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக் கொடுத்தாள். தாட்சாயிணி அதை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் இருக்கிறவர்களிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினாள்.

"வணக்கம். என் பேரு தாட்சாயிணி. மதகுத் தெரு, நாகம்மா ஊட்டுக்கு எதிர் ஊடு. கோட்டையில எம்.எல்.ஏ. சொன்னாரே, சாக்கட பூந்த அடுப்படி, அது எங்களுது. எங்க கக்கூஸ்தான் பொங்குச்சி. நாகம்மா ஊட்டு நெலப்படிகூட நனையல. அந்த மழையில நாங்க துன்னது, தூங்குனது, எல்லாத்துக்கும் போனது அவ ஊட்டுலதான். எம்.எல்.ஏ. அத்த சொல்லாம உட்டுட்டாரு. நானும் சொல்லாம உட்டுட்டேன். அதுக்கு மேல, எங்க ஊட்டு நாத்தத்த அவ ஊட்டு மேல போட்டேன். எம் பொண்ணு கண்ணாலத்துக்காகப் பொய் சொன்னேன். அவ கைச்சோத்த நிறுத்தாதீங்க. அவ்ளோதான்."

விரலை எடுத்ததும் டிங் என்று அது போய்விட்டது. அதை அவைக் குறிப்பிலிருந்து இனி நீக்க முடியாது. நீக்கச் சொல்கிற எண்ணமும் அவளுக்கு இல்லை.

அவள் நாகம்மாளிடம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குள் நாகம்மாள் மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டாள்.

"யக்கா," என்றாள், தரையைப் பார்த்தபடியே. "வெள்ளிக்கிழமை நீ போன்ல பேசும்போது நான் கொழாய மூடிட்டேன். அப்புறம் வெறும் அண்டாவதான் தேய்ச்சிகினு இருந்தேன்."

தாட்சாயிணி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டுமா சமைச்ச?"

"பவ்யாவுக்கு நான்தான் சமைப்பேன்னு சொல்லியிருந்தேன்ல."

"நேத்து வாளியோட நின்னியே நாகு... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லுவேன்னு நெனைச்சேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. திட்டவில்லை, போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அரிசி டப்பா மேல் போன் மறுபடி மறுபடி டிங் என்றது. இரண்டு பேரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. தாட்சாயிணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த இன்னொரு பிரஷை எடுத்து, நாகம்மாளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். ஒரு நாளும் சாக்கடை புகுந்திராத தரை அது.